எதிர்விளிம்பு

காரைக்குடி செக்காலை ரோட்டில்
வங்கிக்கு நகை மதிப்பிடுகிறவன் நான்.
பரம்பரைக் கழுத்திரு வந்தாலும்
பித்தளை ஒளித்த வளையல் வந்தாலும்
உரைகல்லில் ஓர் இழுப்பு,
அமிலம் ஒரு சொட்டு,
முகம் பார்க்காமல் சொல்லிவிடுவேன்.
பத்தொன்பது வருஷத்தில்
ஒரே ஒரு தடவை ஏமாந்தேன்.
அதுவும் கட்டிலில் படுத்தபடி,
இரவு பதினொன்றே முக்காலுக்கு.

அரிதிலும் அரிது,
நாணயச்சாலையின் கைப்பிழை,
ஓரம் கடிபட்ட ஐந்து ரூபாய்,
உலகத்தில் நான்கே நான்கு,
இன்னும் ஏழு நிமிடம்
என்றது கைப்பேசி.
படம் ஒன்றுதான். மங்கல்.
அந்த மங்கலையும்
பழமை என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பகலில் ஒருவர் என்னிடம் வந்து
நகையை வீட்டில் வைத்துவிட்டு
படத்தை மட்டும் நீட்டிக்
கடன் கேட்டிருந்தால்
டீ சொல்லி அனுப்பியிருப்பேன்.
நாலாயிரத்து இருநூறு.
விரல் அமுக்கிவிட்டது.
"யாருக்கு இந்நேரத்துல பணம்?"
மங்கையர்க்கரசி புரண்டு படுத்தாள்.
"கரண்ட் பில்" என்றேன்.

ஆறாம் நாள் வந்தது.
ஒன்பது சுற்று டேப்,
உள்ளே அட்டை, அதற்குள் பஞ்சு,
அதற்குள் காசு.
பிரித்ததும் படமெடுத்து
வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.
சோதித்தது அதற்குப் பிறகு.

கூட்டமில்லாத மூன்று மணி.
தராசு எட்டு கிராமும் சொச்சமும் காட்டியது.
கடி போக மிச்சம், சரிதான்.
லென்ஸைக் கண்ணில் செருகினேன்.
கடிவாயில் மெல்லிய கோடுகள்,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.
அரத்தின் கையெழுத்து எனக்குத் தெரியாதா?
தெரியும்.
ஆனாலும் மனசு ஒரு வக்கீல் வைத்துக்கொண்டது:
புழக்கத்தில் விழுந்த கீறலாக இருக்கும், கனம் கோர்ட்டார் அவர்களே.

கேஷ் கவுண்டர் ரெஜினா எட்டிப் பார்த்து
"இது செல்லாதே சார், யார் தலையில கட்டினா?" என்றாள்.
நான் சிரித்துவைத்தேன்.

தகடாக இருக்கும்போதே குறைபட்ட காசு என்றால்
விளிம்பு திரட்டும் எந்திரத்தில்
குறைக்கு நேர் எதிரே பிடிமானம் கிடைக்காது.
அங்கே விளிம்பு எழாது,
சோர்ந்து மங்கிவிடும்.
பிறவிக் காயத்துக்கு
எதிர்ப்பக்கம் ஒரு சாட்சி உண்டு.
வாங்கிய பிறகுதான்
இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

திருப்பினேன்.
என் காசின் எதிர்விளிம்பு
கும்மென்று எழுந்து, முழுசாக,
பக்கத்து வீட்டுச் சண்டைக்கும் தனக்கும்
சம்பந்தமே இல்லாதது போல நின்றது.

விற்றவனுக்கு எழுதினேன்.
கூப்பிய கைகள் இரண்டு வந்தன.
அப்புறம் அந்தக் கணக்கே இல்லை.

அன்றிரவு பள்ளத்தூர் வயிரவன்,
மருந்துக்கடைக்காரர், கேட்டார்:
"ஸ்டேட்டஸ்ல பாத்தேன். எனக்குத் தருவீகளா?
ஏழாயிரம். இப்பவே ஜிபே."

கட்டைவிரல் தானாக இறங்கியது.
"அரிதிலும்" என்று அடித்தேன்.
அடுத்த சொல்லைக்
கைப்பேசியே எடுத்துக் கொடுத்தது.

அழித்தேன்.
எழுந்து விளக்கைப் போட்டு
கடிவாயை ஒரு படம்,
எதிர்விளிம்பை ஒரு படம்,
ஊசிமுனையால் தொட்டுக் காட்டி ஒரு படம்.
"அரம் போட்டது. நான் ஏமாந்தாச்சு.
அஞ்சு ரூபாய்க்குக்கூடப் போகாது."

இரண்டு நீலக் கோடு விழுந்தது.
எழுதுகிறார், நிறுத்துகிறார்,
மறுபடி எழுதுகிறார்.

"புரியுதுண்ணே.
விலை கட்டலைன்னா நேராச் சொல்லலாம்ல?
எட்டாயிரம்."

மணி பார்த்தேன்.
பதினொன்றே முக்கால்.